எந்த உரைக்குப் போவது, எதைப் பதிவில் பார்ப்பது: பல்கலைக்கழகப் பொது உரைகள் குறித்து ஓர் ஒப்பீடு

காலநிலை, செயற்கை நுண்ணறிவு, ஏழை நாடுகளின் கடன், அடுத்த பெருந்தொற்று, அகதிகள் என்று உலகக் கொள்கைப் பிரச்சினைகளைப் பற்றிப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் பொது உரைகளுக்குக் குறைவே இல்லை. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் தன் பொது நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றை யார் வேண்டுமானாலும் இலவசமாக வந்து கேட்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறது. பலவற்றைப் பிறகு பாட்காஸ்ட்டாகவும் வெளியிடுகிறது. ஆக்ஸ்ஃபர்டில் 2005-ல் தொடங்கிய மார்ட்டின் ஸ்கூல் இந்த மாதிரிப் பிரச்சினைகளுக்கென்றே உருவானது. லண்டனின் கிரெஷாம் கல்லூரி 1597-லிருந்து இருக்கிறது. அங்கே மாணவர் சேர்க்கையும் இல்லை, பட்டமும் இல்லை. பொது உரை நடத்துவதுதான் அதன் வேலையே.

வாசகர்களிடமிருந்து வரும் கேள்வி வேறு மாதிரியானது. ஒரே வாரத்தில் ஒரு சிறப்புரை, ஒரு குழு விவாதம், ஒரு அமைச்சரின் உரை மூன்றும் இருக்கின்றன. ஒரு மாலைதான் கையில் இருக்கிறது. எதற்குப் போவது? நேரில்தான் போக வேண்டுமா, நேரலை போதுமா, பதிவு வரும்வரை காத்திருக்கலாமா? தலைப்பையும் பேச்சாளர் பெயரையும் பார்த்து முடிவு செய்வதுதான் பலருடைய வழக்கம். அந்த இரண்டையும் நான் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல்: பேச்சாளரை யாராவது மடக்க முடியுமா? ஒரு நிபுணர் சொல்வதைத் தெரிந்துகொள்ள அவருடைய கட்டுரையே போதும். ஆங்கிலத்தில் ஒருவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 சொற்கள் பேசுவார். பழகிய வாசகர் அதே நிமிடத்தில் 200-க்கு மேல் படித்துவிடுவார். வெறும் தகவலுக்காகத்தான் என்றால் உரை நஷ்டம். எதிரே இருப்பவர் குறுக்குக் கேள்வி கேட்கும்போது நிபுணர் எங்கே தயங்குகிறார், எதை விட்டுக்கொடுக்கிறார், எதற்கு "அது வேறு விஷயம்" என்று நழுவுகிறார் என்பது கட்டுரையில் கிடைக்காது. உரைக்கு நேரம் ஒதுக்குவது அதற்காகத்தான்.

இரண்டாவது, அந்தப் பிரச்சினையில் நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பது. அடிப்படையே புதிதாக இருப்பவருக்கும், ஒரு வருடமாகச் செய்தி பின்தொடர்ந்து ஒரே ஒரு முடிச்சில் சிக்கி நிற்பவருக்கும் ஒரே நிகழ்ச்சி உதவாது.

மூன்றாவது, மொத்தச் செலவு. நுழைவு இலவசம் என்பது கணக்கில் பாதிதான். போய்வரும் நேரம், முன்பதிவு செய்தும் இடம் கிடைக்காமல் திரும்பும் அபாயம், அன்றைய மற்ற வேலைகள் எல்லாம் சேர்ந்தால் 90 நிமிட நிகழ்ச்சி சுலபமாக அரை நாளை விழுங்கிவிடும். இலவச நிகழ்ச்சிகளில் பதிவு செய்தவர்களில் பலர் வரமாட்டார்கள் என்பதால், இருக்கைகளைவிட அதிகமான பேரைப் பதிவு செய்ய அனுமதிப்பது உண்டு. அறிவிப்பின் அடியில் பொடி எழுத்தில் "முன்பதிவு இருக்கையை உறுதி செய்யாது" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், பேச்சாளருக்கு இதில் என்ன லாபம் என்பதையும் ஒரு கண் பார்த்துவிடுவது நல்லது. புதுப் புத்தகம் வந்த மாதத்தில் வருகிறாரா? நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தவருக்கும் தலைப்புக்கும் சம்பந்தம் உண்டா? இதெல்லாம் உரையைத் தள்ளிவிடக் காரணம் ஆகாது. எந்தக் கேள்வி மேடையில் எழாது என்பதை முன்கூட்டியே ஊகிக்க உதவும், அவ்வளவுதான்.

## தனி ஒருவரின் சிறப்புரை

ஒரு கொள்கை எப்படி இயங்குகிறது என்பதைப் படிப்படியாகக் கட்டிக் காட்ட இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் அறிக்கை கொடுக்கும் கட்டமாகத் தொடங்கி, 2026 ஜனவரியில் கட்டணம் விதிக்கும் கட்டத்துக்கு வந்தது. இது ஏன் வந்தது என்று புரிய முதலில் ஒன்றியத்துக்குள் கார்பன் வெளியேற்ற உரிமம் எப்படி விற்கப்படுகிறது என்று தெரிய வேண்டும். பிறகு, அந்த விலையைத் தவிர்க்கத் தொழிற்சாலைகள் வெளிநாட்டுக்கு நகரும் என்ற பயம். அதற்குப் பிறகுதான் எஃகு, சிமெண்ட், அலுமினியம், உரம் ஆகியவற்றின் இறக்குமதிக்கு ஏன் கட்டணம், ஏற்றுமதி செய்யும் நாடுகள் ஏன் கோபப்படுகின்றன என்பது. இந்த வரிசையை ஒருவரே 45 நிமிடம் நிதானமாகச் சொன்னால்தான் மனசில் நிற்கும். நான்கு பேர் மாறி மாறிப் பேசினால் நூல் அறுந்துவிடும்.

நல்ல சிறப்புரை நெடுங்காலத்துக்கு வேலை செய்யும். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1979-ல் ஸ்டான்ஃபோர்டில், மனித விழுமியங்கள் குறித்துப் பல பல்கலைக்கழகங்களில் நடக்கும் உரைத் தொடரான டானர் உரையை நிகழ்த்தினார். சமத்துவம் வேண்டும் என்கிறோமே, எதில் சமத்துவம் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. வருமானத்தை மட்டும் பார்க்காமல், ஒரு மனிதரால் எதையெல்லாம் செய்ய முடிகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்ற வாதம் அங்கே முளைத்தது. 1990-ல் பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மகபூப் உல் ஹக் முன்னின்று ஐ.நா. வளர்ச்சித் திட்டத்துக்காகக் கொண்டுவந்த, வருமானத்தோடு கல்வியையும் ஆயுளையும் சேர்த்து நாடுகளை அளக்கும் மனித மேம்பாட்டுக் குறியீட்டில் அந்தச் சிந்தனையின் தடம் தெளிவாகத் தெரியும்.

மறைவான செலவு ஒன்று உண்டு. தனி மேடை கிடைத்தவர் தனக்குச் சாதகமான சான்றுகளை மட்டும் அடுக்கலாம்; புதிதாகக் கேட்பவருக்கு விடுபட்டது எது என்றே தெரியாது. அதனால் அறிவிப்பில் "பதிலுரை" என்று யாருடைய பெயராவது இருக்கிறதா என்று தேடுங்கள். டானர் உரைகளைப் பல பல்கலைக்கழகங்கள் இப்படித்தான் நடத்துகின்றன: உரை முடிந்ததும் அதே துறையிலோ பக்கத்துத் துறையிலோ இருந்து இரண்டு மூன்று பேர் எழுந்து அதை அலசுவார்கள், பிறகு பேச்சாளர் பதில் சொல்வார். என் கணக்கில் எல்லா வடிவங்களிலும் முதல் மதிப்பெண் இதற்குத்தான். அதிகம் விளம்பரம் இல்லாமல் நடப்பதால் இடமும் சுலபமாகக் கிடைக்கும்.

## குழு விவாதம்

கூட்டத்தை அதிகம் இழுப்பது இதுதான். ஏமாற்றுவதும் இதுதான். ஒரு 90 நிமிட நிகழ்ச்சியின் நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். நெறியாளரின் வரவேற்பும் அறிமுகமும் 10 நிமிடம். நான்கு பேச்சாளர்கள், ஆளுக்கு 10 நிமிடம் என்று சொல்லித்தான் அழைத்திருப்பார்கள், 13 ஆகும். அங்கேயே 62 நிமிடம் போய்விட்டது. நெறியாளர் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்பார், அது ஒரு கால் மணி நேரம். மீதி 13 நிமிடம் சபைக்கு. மூன்று கேள்விகளை ஒன்றாக வாங்கிக்கொள்வோம் என்பார் நெறியாளர். முதலில் கை தூக்குபவர், "கேள்வி என்பதைவிட ஒரு கருத்து" என்று ஆரம்பிப்பார். மூன்றும் சேர்ந்து வந்ததும் ஒவ்வொரு பேச்சாளரும் தனக்குப் பிடித்த கேள்விக்குப் பதில் சொல்வார். சங்கடமான கேள்வி யாருடைய கையிலும் அகப்படாமல் கீழே விழுந்துவிடும்.

இதனால் குழு விவாதமே வீண் என்று ஒதுக்க முடியாது. எந்த ஒருவரும் முழுவதையும் பார்க்க முடியாத பிரச்சினைகள் இருக்கின்றன. ஜாம்பியா 2020 நவம்பரில் கடன் தவணை கட்ட முடியாமல் தவறியது. கடன் கொடுத்த அரசுகளுடன் உடன்பாட்டின் வரையறை 2023 ஜூனில்தான் கிடைத்தது. கடன் பத்திரம் வைத்திருந்த தனியாருடனான பேச்சு 2024 வரை இழுத்தது. ஏன் இவ்வளவு காலம்? சீனா ஒரு காரணம் சொல்லும், கடன் கொடுத்த பணக்கார நாடுகளின் குழுவான பாரிஸ் கிளப் இன்னொன்று சொல்லும், பத்திரக்காரர்கள் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள். கடன் வாங்கிய நாட்டின் நிதி அமைச்சகத்தில் உட்கார்ந்திருந்தவர் நாலாவதாக ஒன்று சொல்வார். இந்த நால்வரும் ஒரே மேடையில் என்றால் கட்டாயம் போங்கள்.

ஆகவே பேச்சாளர் பட்டியலைப் பார்க்கும்போது பட்டங்களைப் பார்க்க வேண்டாம். நால்வரும் வெவ்வேறு நாற்காலிகளில் இருந்து வருகிறார்களா என்று பாருங்கள். ஒரே வகை ஆய்வு மையங்களிலிருந்து நான்கு பேராசிரியர்கள் வந்தால், "நண்பர் சொன்னதோடு முழுமையாக ஒத்துப்போகிறேன், ஒரே ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்" என்ற வாக்கியத்தை மாலை முழுக்கக் கேட்பீர்கள். நெறியாளர் யார் என்பதும் முக்கியம். அந்தத் துறைச் செய்திகளைப் பல வருடம் எழுதிய பத்திரிகையாளர் என்றால் நம்பிப் போகலாம். அவர்கள் இடைமறிக்கத் தயங்குவதில்லை. அழைத்தவரே நெறியாளராக உட்கார்ந்தால் மரியாதை குறுக்கே வரும்.

## எதிரெதிர் வாதம்

தீர்மானம் ஒன்றை வைத்து, ஆதரித்தும் எதிர்த்தும் பேசி, கடைசியில் சபை வாக்களிக்கும் பட்டிமன்ற பாணி. சில இடங்களில் தொடக்கத்திலும் முடிவிலும் இருமுறை வாக்கெடுத்து, எந்தப் பக்கம் அதிகம் பேரை மாற்றியது என்று பார்ப்பார்கள்.

ஆமா, இல்லை என்று உண்மையிலேயே இரண்டாகப் பிரியும் கேள்விக்கு இது பொருந்தும். சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிப் பூமியைக் குளிர்விக்கும் ஆராய்ச்சியைச் செய்யலாமா, தொடவே கூடாதா என்பது அப்படிப்பட்ட கேள்வி. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் இதற்காகத் திட்டமிட்ட வளிமண்டலச் சோதனைக்கு முன்னோட்டமாக ஸ்வீடனில் ஒரு பலூனைப் பறக்கவிட இருந்தார்கள். வட ஐரோப்பாவின் சாமி (Sámi) பழங்குடியினரின் மன்றம் எதிர்த்த பிறகு 2021-ல் அது நின்றது; 2024-ல் திட்டமே கைவிடப்பட்டது. இங்கே நடுவில் நிற்க இடம் குறைவு. இரு தரப்பின் மிகக் கூர்மையான வாதத்தையும் ஒரே மாலையில் கேட்டுவிடலாம்.

கார்பன் விலை எவ்வளவு, கடனில் எத்தனை பங்கு தள்ளுபடி என்பது போன்ற "எவ்வளவு" கேள்விகளுக்கு இந்த வடிவம் ஆகாது. வேண்டும், வேண்டாம் என்று இரண்டாக வெட்டும்போது விஷயத்தின் சதை முழுக்கப் போய்விடும். வாக்கு முடிவையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1933 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபர்ட் யூனியன் என்ற மாணவர் விவாத மன்றத்தில், எந்தச் சூழ்நிலையிலும் மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் போரிட மாட்டோம் என்ற தீர்மானம் 275-க்கு 153 என்று நிறைவேறியது. ஆறே ஆண்டில் போர் வந்தது, பிரிட்டனும் இறங்கியது. அந்த வாக்கு அன்றைய மாணவர்களின் மனநிலையைக் காட்டியது. அதற்கு மேல் அதில் படிக்க ஒன்றும் இல்லை. நகைச்சுவையாகப் பேசத் தெரிந்தவர் பக்கம் வாக்கு சாய்வதும் இந்த மேடையின் தீராத வியாதி.

## தலைவர்களின் உரை

அமைச்சரோ அதிபரோ பல்கலைக்கழகத்துக்கு வந்து பேசுவது தனி ரகம். கொள்கையே அங்கே பிறக்கும். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் 1947 ஜூன் 5 அன்று ஹார்வர்டில் சுருக்கமாகப் பேசிவிட்டுப் போனார். அதிலிருந்து மேற்கு ஐரோப்பாவுக்கு ஏறக்குறைய 1,300 கோடி டாலர் உதவித் திட்டம் உருவானது. அமெரிக்க அதிபர் கென்னடி 1963 ஜூன் 10 அன்று வாஷிங்டனின் அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில், அணுச் சோதனைத் தடை குறித்து மாஸ்கோவில் பேச்சுவார்த்தை நடக்கப்போவதாக அறிவித்தார். ஆகஸ்ட் 5-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சீனாவின் பட்டுப்பாதைப் பொருளாதாரத் திட்டத்தை ஷி ஜின்பிங் 2013 செப்டம்பரில் முன்வைத்தது கசகஸ்தானின் நசர்பயேவ் பல்கலைக்கழகத்தில்தான்.

வரலாறு நடக்கும் இடத்தில் இருக்கலாமே என்று தோன்றும். ஆனால் முதல் அளவுகோலில் இந்த வகை தோற்றுவிடும். பாதுகாப்புச் சோதனைக்காக ஒரு மணி நேரம் முன்பே போய் நிற்க வேண்டும், உரை எழுதி வைத்து வாசிக்கப்படும், கேள்வி நேரம் சில நிமிடம் இருந்தால் அதிகம், அதிலும் கேள்விகள் முன்பே பொறுக்கப்பட்டிருக்கலாம். விதிவிலக்கு உண்டு: 2007-ல் ஈரான் அதிபர் அகமதிநெஜாத் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, அழைத்த பல்கலைக்கழகத்தின் தலைவர் லீ பொலிஞ்சர் அறிமுக உரையிலேயே விருந்தாளியை முகத்துக்கு நேரே வெளுத்து வாங்கினார். அப்படி ஒன்று தினமும் நடக்காது.

உரையின் எழுத்து வடிவம் அன்றிரவே பெரும்பாலும் வெளியாகிவிடும். அதைப் படியுங்கள், மாலையை மிச்சம் பிடியுங்கள். அந்த நாட்டுக் கொள்கையைத் தொழில்முறையில் கவனிப்பவர், பத்திரிகையாளர், அல்லது வெறுமனே பார்க்க ஆசைப்படுபவர் என்றால் மட்டும் நேரில் போகலாம். ஆசைக்குப் போவதும் தப்பில்லை.

## நேரிலா, நேரலையா, பதிவா

வடிவத்தை முடிவு செய்த பிறகுதான் இந்தக் கேள்வி.

| | அரங்கில் | நேரலை | பதிவு | எழுத்து வடிவம் |
|---|---|---|---|---|
| கேள்வி கேட்க | முடியும். முடிந்த பிறகு மேடையருகேயும் | தட்டச்சு செய்து அனுப்பலாம். தேர்ந்தெடுப்பது நெறியாளர் | முடியாது | முடியாது |
| நேரச் செலவு | அதிகம் | நிகழ்ச்சி நேரம் மட்டும் | குறைவு. வேகத்தைக் கூட்டலாம், நிறுத்தலாம் | மிகக் குறைவு |
| மறைவான செலவு | பயணம், இடம் கிடைக்காத அபாயம் | கவனம் சிதறும் | "பிறகு பார்க்கலாம்" பட்டியலில் தூங்கும்; கேள்வி நேரம் வெட்டப்பட்டிருக்கலாம் | தயக்கம், தொனி தெரியாது |
| யாருக்கு | குறிப்பான கேள்வி உள்ளவருக்கு | தொலைவில் இருப்பவருக்கு | தலைப்பு புதிதானவருக்கு | தலைவர் உரைக்கு |

பதிவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லாத் தலைப்பும் ஒரே வேகத்தில் பழையதாவதில்லை. செயற்கை நுண்ணறிவுச் சட்டம் பற்றி 2023-ல் பேசிய உரையை இன்று வழிகாட்டியாக வைத்துக்கொள்ள முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமே 2024 ஆகஸ்டில்தான் அமலுக்கு வந்தது. பொது வளங்களை யார் காப்பது, கார்பனுக்கு ஏன் விலை வைக்க வேண்டும் என்ற மாதிரி அடிப்படை வாதங்கள் பத்து வருடப் பழைய பதிவிலும் கெடாமல் இருக்கும்.

பழைய பதிவுக்கு வேறு ஒரு பயனும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 2019 அக்டோபரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மையமும் பங்கேற்று வெளியிட்ட உலகச் சுகாதாரப் பாதுகாப்புக் குறியீட்டில் அமெரிக்கா முதலிடம், பிரிட்டன் இரண்டாமிடம். சில மாதங்களிலேயே கோவிட் வந்து இரண்டு நாடுகளையும் என்ன பாடு படுத்தியது என்று தெரியும். எந்த நாடும் முழுத் தயார் நிலையில் இல்லை என்று அந்த அறிக்கையே சொல்லியிருந்தது, அது வேறு. இப்போது 2018, 2019-ல் பெருந்தொற்றுத் தயார்நிலை பற்றிப் பேசிய உரைகளைத் தேடிக் கேளுங்கள். யார் எதை உறுதியாகச் சொன்னார், யார் எச்சரித்தார், யாருடைய எச்சரிக்கை கேள்வி நேரத்தில் சிரிப்போடு கடந்துபோனது என்று பார்த்தால், இன்று அதே துறையில் யார் உரைக்குப் போவது என்பது ஓரளவு தெளிவாகிவிடும். நடப்பு உரை எதுவும் இந்த வசதியைத் தராது.

கேமரா இருக்கும் இடத்தில் பேச்சாளர்கள் அளந்துதான் பேசுவார்கள். பதிவு செய்யாத சிறு கருத்தரங்கு என்று அறிவிப்பு வந்தால் விட வேண்டாம். சாத்தம் ஹவுஸ் விதிப்படி (லண்டனில் உள்ள அந்தப் பெயருடைய ஆய்வு நிறுவனம் வகுத்தது) நடக்கும் என்று போட்டிருந்தால், அங்கே கேட்டதை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். யார் சொன்னார், எந்த நிறுவனத்தவர் சொன்னார், வேறு யார் வந்திருந்தார் என்று மட்டும் வெளியே சொல்லக் கூடாது. 1927-லிருந்து இருக்கும் விதி இது.

## சரி, என் வரிசை

தலைப்பு புதிது என்றால்: நல்ல சிறப்புரை ஒன்றின் பதிவு, வீட்டிலிருந்தே. நடுநடுவே நிறுத்தி, தெரியாத சொல்லைத் தேடிப் பார்க்கலாம். தலைப்பு ஓரளவு தெரியும், ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை என்றால்: பதிலுரையோடு கூடிய சிறப்புரை, நேரில். நாற்காலிகள் மாறுபட்டிருந்தால் குழு விவாதமும் நேரில். ஒரே மாதிரியான நால்வர் என்றால் பதிவு வந்த பிறகு கேள்வி நேரத்துக்கு நேராகத் தாவிவிடுங்கள். எதிரெதிர் வாதத்தை நண்பர்களோடு பார்ப்பது நல்லது, பிறகு சண்டை போட ஆள் வேண்டுமே. தலைவர் உரை, எழுத்தில்.

நேரில் போவது என்று முடிவானால் கேள்வியை முந்தின நாளே எழுதி, இரண்டு வாக்கியத்துக்குள் சுருக்கி வையுங்கள். உங்களைப் பற்றிய அறிமுகம் வேண்டாம், பாராட்டும் வேண்டாம். "உங்கள் கருத்து என்ன" என்று முடியும் கேள்விக்கு ஐந்து நிமிடப் பொதுப் பதில் வரும். "எந்தச் சான்று கிடைத்தால் இந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொள்வீர்கள்" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ஒரு விநாடியாவது நின்று யோசிப்பார்கள். ஒலிவாங்கி உங்களிடம் வராமலே போகலாம். அப்படியானால் கைதட்டல் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். மேடைக்குக் கீழே பத்துப் பேர் சூழ்ந்திருப்பார்கள், செல்ஃபிக்காரர்கள் முதலில் கலைவார்கள். அதற்குப் பிறகு கிடைக்கும் மூன்று நான்கு நிமிடத்தில் கேமராவும் இருக்காது, நெறியாளரும் இருக்கமாட்டார்.